கொல்லைப்புறத்துத் தொட்டி

"வீட்டில் கக்கூஸ் எங்கே இருக்க வேண்டும்?" என்று யாராவது உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள்? இந்தக் காலத்தில் அது படுக்கை அறைக்குள்ளேயே வந்துவிட்டது என்பது வாஸ்தவந்தான். ஆனாலும் பழைய வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வாயில் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: கொல்லைப்புறத்தில்!

என் அத்திம்பேரும் அதைத்தான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையினால் அவரும் என் அக்காவும் நானும் அமெரிக்காவில் ஒரு நெடுஞ்சாலையில் உயிரை விட இருந்தோம். அதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அத்திம்பேர் ஒஹையோ மாநிலத்தில் இருக்கிறார். 2022-ஆம் வருஷம் கோடையில் ஒரு மாத லீவு போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். போய் இறங்கிய மறுநாள் காலையில், காப்பி டம்ளரைக் கூடக் கீழே வைக்க விடாமல், என்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துக்கொண்டு போனார்.

"பார்த்தியாடா?" என்றார்.

பார்த்தேன். புல்தரையில் ஒரு பழைய டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. டிரெய்லர் என்றால் லாரிக்குப் பின்னால் சாமான் ஏற்றுகிற வண்டி அல்ல. மோட்டாருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துச் செல்கிற குட்டி வீடு. கட்டில், அடுப்பு, ஸ்நான அறை எல்லாம் அதற்குள் அடக்கம். அந்த மாநிலத்தில் ஜாக்ஸன் ஸென்டர் என்று ஒரு சிற்றூர். 1952-ஆம் வருஷத்திலிருந்து ஏர்ஸ்ட்ரீம் என்ற புகழ்பெற்ற அலுமினிய டிரெய்லர்களை அங்கே செய்து வருகிறார்கள். அத்திம்பேருக்கு வாய்த்தது அது அல்ல. பெயர் தெரியாத ஏதோ ஒரு கம்பெனி 1962-இல் செய்தது. அவரை விட வயதில் மூத்தது. உள்ளே எலி குடும்பம் நடத்தி வந்தது. தரைப் பலகையில் கால் வைத்தால் கால் மட்டும் கீழே போயிற்று.

"இதைப் புதுசாப் பண்ணி, அக்காவை ஊர் ஊரா அழைச்சிண்டு போகப்போறேன்" என்றார் அத்திம்பேர். அக்கா சமையலறை ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

இந்தப் பழைய டிரெய்லர்களில் ஒரு சங்கடம் உண்டு, நேயர்களே. அந்தக் காலத்தில் கழிவு நீரைப் பற்றி யாரும் அதிகமாகக் கவலைப்படவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் ஒரு குழாய் வழியாகத் தரையிலோ, அடியில் வைத்த வாளியிலோ விழும். கக்கூஸ் இருந்த வண்டிகளில் அதற்கு மட்டும் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். இன்றைக்கு அது நடக்காது. கூடாரமடித்துத் தங்குகிற இடங்களில் ஒரு சொட்டுக் கழிவு நீரைக் கூடத் தரையில் விட அனுமதிப்பதில்லை. எல்லாவற்றையும் தொட்டியில் பிடித்து வைத்து, அதற்கென்று ஏற்பட்ட இடத்தில்தான் கொட்ட வேண்டும். ஆகவே, பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்கள், அதைச் செய்த மனிதன் கனவிலும் நினைக்காத ஒரு பெரிய தொட்டிக்கு இடம் தேடியாக வேண்டியிருக்கிறது.

அத்திம்பேர் தேடவே இல்லை. ஸ்நான அறை வண்டியின் பின்கோடியில் இருந்தது. "கொல்லைப்புறத்திலேயே இருக்கட்டும்டா, அதுதான் முறை" என்று சொல்லி, 30 காலன், அதாவது சுமார் 113 லிட்டர் பிடிக்கிற தொட்டி ஒன்றைப் பின்கோடியில் சட்டங்களுக்கு நடுவே பொருத்தினார். குடிக்கிற தண்ணீருக்கும் அதே அளவில் ஒரு தொட்டி வாங்கி வாசல் பக்கம், அதாவது முன்னால் இருந்த சோபாவுக்கு அடியில், வைத்தார். நல்ல தண்ணீர் முன்னால், கழிவு பின்னால். சாஸ்திரோக்தமாக அமைந்துவிட்டது என்று எங்களுக்கெல்லாம் ஒரே திருப்தி.

அடுத்த வீட்டுக் கிழவர் ஒருவருக்கு மட்டும் திருப்தி இல்லை. லாரி ஓட்டிப் பிழைத்து ஓய்வு பெற்றவர் அவர். ஒரு நாள் மாலை வேலியோரம் என்னைக் கூப்பிட்டார். "தண்ணீர் கனமான சாமான், தம்பி. அந்தத் தொட்டி சக்கரத்துக்கு மேலே இருக்க வேண்டும். உங்கள் அத்தானிடம் நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார், நீ சொல்" என்ற பொருள்பட இங்கிலீஷில் சொன்னார்.

நான் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நான் காலேஜில் படித்த மூன்று வருஷமும் எனக்குச் சம்பளம் கட்டியவர் அத்திம்பேர். அவர் வீட்டு உப்பைத் தின்றுகொண்டு, அவர் நாலு நாள் முதுகு ஒடியப் பொருத்திய தொட்டியைக் கழற்றச் சொல்ல எனக்கு நா எழவில்லை. பத்திரிகையில் மந்திரிகளைக் கூடக் கேள்வி கேட்கிற ஆசாமிதான் நான். அத்திம்பேர் எதிரில் அதெல்லாம் செல்லாது.

முதல் பிரயாணம் புறப்பட்டோம். போகும்போது வண்டி பட்டுப் போல் வந்தது. ஒரு காட்டோரத்தில் மூன்று நாள் தங்கினோம். அக்கா மழையில் பஜ்ஜி போட்டாள். பக்கத்துக் கூடாரக்காரர்கள் வாசனை பிடித்து வந்து, இரண்டு தட்டு காலி செய்துவிட்டுப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை திரும்பும் சமயம், கழிவைக் கொட்டும் இடத்தில் பதினைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. "போற வழியிலே பெட்ரோல் பங்க்லே இதே வசதி இருக்கு. அங்கே பாத்துக்கலாம்" என்று அத்திம்பேர் கிளப்பிவிட்டார்.

ஒரு பாலத்தைத் தாண்டி இறக்கத்தில் வந்துகொண்டிருந்தோம். மணிக்கு 60 மைல் வேகம் இருக்கும். ஒரு ராட்சத லாரி எங்களைத் தாண்டிப் போயிற்று. அதன் காற்று டிரெய்லரைத் தள்ளியது. பின்சீட்டில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். டிரெய்லரின் பின்பக்கம் இடது புறம் போயிற்று. வலது புறம் வந்தது. மறுபடி இடது புறம், முன்னை விட அதிகமாக. யானை தும்பிக்கையை ஆட்டுகிற மாதிரி ஆடிற்று. இங்கே தும்பிக்கை யானையையும் சேர்த்து ஆட்டியது. மோட்டாரின் பின்சக்கரங்கள் பக்கவாட்டில் சறுக்குவதை உடம்பிலேயே உணர்ந்தேன். அக்கா "முருகா!" என்றாள். அதற்கு மேல் அவளுக்குக் குரல் வரவில்லை.

இப்படிப்பட்ட சமயத்தில் மோட்டாரின் பிரேக்கை அழுத்தினால் வண்டி மடங்கிக் குடை சாயும். டிரெய்லருக்கென்று தனியாக ஒரு மின்சார பிரேக் உண்டு. அதற்குக் கைப்பிடி டிரைவர் அருகில் இருக்கும். அதை மட்டும் மெல்ல அழுத்தவேண்டும் என்பதை, நல்ல வேளையாக, அத்திம்பேர் எப்போதோ அந்தக் கிழவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அழுத்தினார். இரண்டு ஆட்டம், மூன்று ஆட்டம், பிறகு டிரெய்லர் நேராயிற்று. ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் கை நடுங்கியதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

போகும்போது ஆடாத வண்டி வரும்போது ஏன் ஆடியது? வேறு சாமான் எதையும் நாங்கள் ஏற்றவில்லையே?

அன்று இரவே கிழவர் ஒரு பலகை, ஒரு செங்கல், குளியல் அறையில் நாம் ஏறி நிற்கிற எடை மிஷின் ஆகியவற்றுடன் வந்துவிட்டார். பலகையின் ஒரு முனை செங்கல் மேல்; மறு முனை மிஷின் மேல். டிரெய்லரின் கொக்கியைச் செங்கல்லிலிருந்து ஓர் அடியிலும் மிஷினிலிருந்து இரண்டு அடியிலும் பலகையின் மேல் இறக்கினார். மிஷின் காட்டுவது கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றால் பெருக்கிக்கொள்ள வேண்டியது. எவ்வளவு எளிய வித்தை, பாருங்கள்! மறுநாள் தொட்டிகளைக் காலி செய்தும், நல்ல தண்ணீரால் நிரப்பியும் மாற்றி மாற்றி நிறுத்தோம்.

கிலோவிலேயே சொல்கிறேன். டிரெய்லரின் மொத்த எடை 1,600. இரண்டு தொட்டியும் காலியாக இருக்கும்போது கொக்கியின் மேல் 160 கிலோ அழுத்தியது. முன் தொட்டியை நிரப்பினால் 210. அதைக் காலி செய்து பின் தொட்டியை நிரப்பினால் 97 தான்! மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவிகிதம் வரை கொக்கியின் மேல் இருந்தால்தான் இழுத்துச் செல்ல க்ஷேமம் என்பது கணக்கு. போகும்போது எங்களுக்கு அது பன்னிரண்டு இருந்தது. திரும்பும்போது ஆறு கூட இல்லை.

தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. மூன்று நாள் குளித்து, சமைத்து, கழுவி, அந்த நூறு கிலோச் சொச்சத்தை நாங்களே முன்னாலிருந்து பின்னால் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். சக்கரத்திலிருந்து எட்டடி தள்ளி, வாலின் நுனியில். சிறுவர்கள் ஏறும் சாய்ந்தாடு பலகையில் கனத்த பையன் மறு நுனிக்கு மாறிக்கொண்ட மாதிரி.

அத்திம்பேர் அந்த எண்களை எழுதின காகிதத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது நான் சொல்லிவிட்டேன், கிழவர் வேலியோரம் என்னிடம் சொன்னதையும், நான் அதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டதையும்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. "உங்க அக்கா வண்டியிலே இருந்தாளேடா" என்றார். அவ்வளவுதான். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தொட்டியைக் கழற்றினோம். சக்கரங்களின் அச்சுக்குப் பக்கத்தில் வைப்பது என்று தீர்மானமாயிற்று. தொட்டியை மட்டும் நகர்த்தினால் போதாதா என்று நீங்கள் கேட்பது போலவே நானும் கேட்டேன். கழிவுக் குழாய் அடிக்குக் கால் அங்குலமாவது சரிய வேண்டும். எட்டடிக்கு இரண்டு அங்குலம். குழாயே மூன்று அங்குலம். சட்டங்களின் ஆழம் மொத்தமும் ஐந்து அங்குலந்தான். ஆகவே கழிவு தொட்டியைத் தேடி வராது. ஸ்நான அறைதான் அதைத் தேடிப் போக வேண்டும். கக்கூஸுக்கு நேர் கீழே தொட்டி. குழாயும் வேண்டாம், சரிவும் வேண்டாம்.

அந்த இடத்தில் அக்காவுக்கு ஓர் அலமாரி வருவதாக இருந்தது. இரண்டு மாதமாக அவள் அளவெடுத்து வைத்திருந்த அலமாரி. "கக்கூஸுக்காக என் அலமாரியா?" என்று ஆரம்பித்தவள், அந்தப் பாலத்து இறக்கம் ஞாபகம் வந்ததோ என்னவோ, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கக்கூஸுக்கு ஒன்று, குளித்த தண்ணீருக்கு ஒன்று என்று இரண்டு தட்டைத் தொட்டிகள் வைத்தோம். கொட்டும்போது முன்னதை முதலில் திறந்து, பின்னதைப் பிறகு திறந்தால், சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிவிடும். துர்நாற்றம் வெளியேறக் கூரை வரை ஒரு குழாய். குளிக்கிற இடத்தின் அடியில் குழாய்க்கு ஒரு வளைவு வேண்டும். அதில் தங்கும் தண்ணீர்தான் நாற்றத்துக்குத் தடை. வளைவுக்கு இடம் விடத் தரையை உயர்த்தினோம். விளைவு, அத்திம்பேர் தலை குனிந்துதான் ஸ்நானம் செய்கிறார். நல்ல தண்ணீர்த் தொட்டியையும் சோபாவின் அடியிலிருந்து அச்சின் பக்கமாகக் கொண்டு வந்தோம். கிழவரின் பலகையில் மறுபடி நிறுத்தபோது, தொட்டிகள் காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் கொக்கியின் கனத்தில் பத்துப் பதினைந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை, டிரெய்லரின் படியில் உட்கார்ந்து மூவரும் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"வேற ஏதாவது மனசிலே வெச்சிண்டிருக்கியாடா? இருந்தா இப்பவே சொல்லிடு" என்றார் அத்திம்பேர்.

கொஞ்சம் யோசித்தேன். "ஜன்னல் திரையின் பச்சை நிறம் சகிக்கலே, அத்திம்பேர்" என்றேன்.

அவர் ஒன்றும் பேசாமல் அக்காவின் பக்கம் கையைக் காட்டினார்.