உள்ளது கொண்டு புதியது சமைத்தல்

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் பல்லடத்திலுள்ள எம் இல்லஞ் சென்றிருந்த காலை, எந்தையார்க்கும் எம் தமையனார்க்குமிடையே நிகழ்ந்த வழக்கொன்றே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. எம் வீட்டை ஒட்டிய கூடத்தில் 8 விசைத்தறிகள் உள. மூடப்பட்ட ஆலையொன்றிலிருந்து எம் பாட்டனார் பழைய விலைக்கு வாங்கியவை அவை. ஆகலின் எம் குடும்பத்தில் அவை புதியனவாய் இருந்த நாளே இல்லை. அவற்றை இரும்பு விலைக்கு விற்றுவிடுவதா, வைத்துக்கொண்டு ஏதேனும் செய்வதா என்பதே வழக்கு. எம் ஊரிற் பெரும்பாலான தறிகளைப்போல் எம்முடையனவும் கூலிக்குக் காடாத் துணி நெய்வன. பாவும் ஊடும் பிறருடையன. தறியும் மின்கட்டணமும் கவலையும் எம்முடையன. கூலி உயர்வு வேண்டி 2022 சனவரியிற் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் விசைத்தறிகள் நிறுத்தப்பட்டமையை அன்பர்கள் அறிந்திருப்பர். அந்நாட்களில் எம் தெருவில் நிலவிய அமைதியில் எமக்கு உறக்கம் வரவில்லை.

தமையனார் சென்னையையடுத்த சிறுசேரியிலே தரவு மையமொன்றிற் பணியாற்றுகின்றார். மேகக் கணிமை என்பர் அத்தொழிலை. மேகமென்றாலே தூதுப் பிரபந்தம் நினைவுக்கு வரும் எம்போலியர்க்கு அவர் உரைத்ததாவது: அம்மேகம் வானத்திலில்லை, குளிரூட்டப்பட்ட கூடத்தில், இரும்புச் சட்டங்களில் அடுக்கடுக்காய்ச் செருகப்பட்டு இரைந்துகொண்டிருக்கும் கணிப்பொறிகளே அது. “நம் தறிக்கூடந்தான், பஞ்சுத் தூசி மட்டும் இல்லை” என்றார்.

அவர் தொழிலில் எம்மைக் கவர்ந்தது ஒன்று. புது மேகம் அமைக்கப் புதுப்பொறிகளே வேண்டுமென்பதில்லை. ஒவ்வொரு பொறியினுள்ளும் சிறு கட்டுப்பாட்டுக் கருவியொன்றுண்டு. பெரும்பொறி அணைந்திருப்பினும் அது விழித்திருக்கும். தொலைவிலிருந்து அதற்குக் கட்டளையிட்டாற் பெரும்பொறி எழும். எழுந்ததும் தன் தட்டிலுள்ளதை நாடாது, வலையின் வழியே வரும் சிறு நிரலொன்றைப் பெற்று இயக்கும். அந்நிரல் நினைவகம் எத்துணை, தட்டுக்கள் எத்துணை என்று கணக்கெடுத்து அனுப்பும். அதன்பின் இயங்குதளமும் பிறவும் தாமே நிறுவப்படும். எப்பொறி எவ்வாறிருத்தல் வேண்டுமென்பது முன்னரே ஏடொன்றில் எழுதப்பட்டிருக்கும். அவ்வேட்டைப் படிக்கும் நிரல், உள்ளதை நோக்கி இல்லாததை மட்டுஞ் செய்யும். இருமுறை ஏவினும் இருமுறை கட்டாது. பழம்பொறியும் இங்ஙனம் பொதுக் குவியலிற் சேர்ந்து புதுமேகத்தின் பகுதியாகின்றது. பெருநிறுவனங்களும் இச்சிக்கனத்தை இகழ்வதில்லை. கூகுள் தன் சர்வர்களின் பயன்காலத்தை 4 ஆண்டிலிருந்து 6 ஆண்டாகக் கணக்கில் நீட்டியது 2023-இல்.

நாசாவும் ராக்ஸ்பேஸ் என்னும் நிறுவனமும் 2010-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் என்னும் பொது மென்பொருளில், முன்னமே ஓடிக்கொண்டிருக்கும் பொறியை நிறுத்தாது, அழிக்காது, கணக்கில் மட்டும் ஏற்றுக்கொள்ளும் முறையொன்றுண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘தத்தெடுத்தல்’ என்று பொருள்படுவது. பெயரிட்டவர் இலக்கணம் பயின்றாரோ அறியோம், சொல் நன்று.

இம்முறையில் ஒரு பேரிடரும் உண்டு. தமையனார் முன்னிருந்த பணியிடமொன்றில், சும்மா கிடக்கும் பொறிகளென்று பட்டியல் தரப்பட்டது. நிரலை ஏவினார், அது தன் கடமையைப் பிழையின்றிச் செய்தது. பட்டியலிலிருந்த ஒரு பொறி சும்மா கிடக்கவில்லை என்பதும், அதனை நம்பி ஒரு பிரிவினர் வேலை செய்துகொண்டிருந்தனர் என்பதும், அதன் தட்டுத் துடைக்கப்பட்ட பின்னரே தெரிந்தன. அவ்விரவு முழுதும் அவர் வீட்டிற்கு வரவில்லை. அன்றுமுதல், எப்பொறியையுந் துடைக்குமுன் “இதனை யார் பயன்படுத்துகின்றார்?” என்று நேரிற் கேட்டறிதலை வழக்கமாகக் கொண்டாராம்.

இனித் தறிக்கு வருவோம். விசைத்தறிக்கு 1785-இல் உரிமம் பெற்ற கார்ட்ரைட் ஒரு குருவானவர் என்பதை எம் கல்லூரியார் மறவாதிருக்க வேண்டுகின்றோம். அவருக்குப்பின் நெடுங்காலம் தறி கண்ணற்றதாகவே இருந்தது. இழை அறுந்தாலும் ஓடிக்கொண்டேயிருக்கும். அறுந்தவுடன் தானே நிற்கும் தறிகள் அமெரிக்காவில் நார்த்ராப் என்பாரால் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜப்பானில் டொயோடாவால் 1924-இலும் செம்மையுற்றன. அத்தகைய புதுத்தறி வாங்க எமக்கு வகையில்லை. ஆயின் பழந்தறியிலேயே நிறுத்துங் கருவிகளைப் பொருத்தலாம். ஒவ்வொரு பாவிழையிலும் மெல்லிய உலோகத் தகடொன்று தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும். விழுந்ததும் தறி நிற்கும். ஊடு அறுந்தால் நிறுத்துவதற்கு வேறொரு கருவி. இருந்தவிடத்திலேயே தறியை இங்ஙனம் மேம்படுத்த, 2017 ஏப்ரலில் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் மத்திய அரசு உதவித்தொகை வழங்கிற்று. எந்தையார் அப்போது விண்ணப்பிக்கவில்லை. அதனை இன்றுஞ் சொல்லி வருந்துவார்.

பழஞ்சொல் வழக்கொழிதல் குற்றமன்றென்பது நன்னூலார் துணிபு. அந்நூற்பாவைத் தறிக்கும் ஏற்றிச் சொல்லி, விற்றுவிடலாமென்று யாமும் ஒரு சொல் வைத்தோம். “தறி சொல்லல்ல” என்று எந்தையார் வாயடைத்தார். தமையனார் காகிதத்திற் கணக்கிட்டார். ஒருவர் 4 தறி பார்ப்பது இப்போதைய வழக்கம். தறி தானே நிற்குமாயின் எட்டையும் ஒருவரே பார்க்கலாம். ஈராண்டிற் செலவு மீளும். கணக்கிற் பிழையில்லை. எம் கூடத்தில் வேலை செய்வோரோ இருவர். ஒருவர் பாட்டனார் காலத்திலிருந்து இருக்கும் முதியவர், மற்றையவர் இரு மக்களைத் தனியே வளர்க்கும் அம்மையார்.

மறுநாள் தார் மாற்றிக்கொண்டிருந்த முதியவர் எம்மைப் பார்த்து, “ஏனுங்க தம்பி, தறி தானா நின்னுக்குதுன்னா நாங்க ரெண்டு பேரு எதுக்குங்க?” என்றார். சினந்து கேட்கவில்லை, ஐயந்தெளியக் கேட்டார். யாம் விடை கூறாது வீட்டுக்குட் சென்றோம். அதனை எண்ணின் இன்றும் நாணுகின்றோம்.

இரவு உணவின்போது அதனைச் சொன்னோம். தமையனார் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். துடைக்கப்பட்ட அப்பொறியின் கதையை அவர் எந்தையார்க்குச் சொன்னது அப்போதுதான். எந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து, 4 தறிகட்கு மட்டும் கருவி பொருத்துவோம் என்றும், அந்நான்கும் முதியவர்க்கே என்றுங் கூறினார். முதியவர்க்குக் கண்ணொளி குன்றிவிட்டது, விளக்கொளியில் அறுந்த இழை அவர்க்குத் தெரிவதில்லை என்பதும், அதனால் துணியிற் குறை விழுந்து கூலியிற் பிடித்தமாகிறதென்பதும் எந்தையார்க்குத் தெரிந்தேயிருந்தன, எமக்குத்தான் தெரியவில்லை.

பொங்கலுக்கு முன் கருவிகள் வந்தன. தொடக்கத்தில் தறிகள் ஓடியதினும் நின்றதே மிகுதி. பாவின் கஞ்சி சரியின்மையே ஏதுவென்று பின்னர் அறிந்து, நூல் தருபவரிடஞ் சொல்லித் திருத்தினராம். இப்போது பிடித்தம் குறைந்திருப்பதாக எந்தையார் எழுதியுள்ளார். முதியவர் இன்னும் பழைய பழக்கத்தால் ஓடுந் தறியின்மேற் குனிந்து இழை தேடுகின்றாராம். ஏனைய 4 தறிகளைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை. தமையனாரும் கேட்கவில்லை, யாமும் கேட்டு எழுதவில்லை.