பதினாறு கிழமை ஒரே பாட்டு

1991 ஆடியில் லண்டன் வந்து இறங்கிய எனக்கு, இந்த நாட்டில் மொத்தமே ஒரு பாட்டுத்தான் இருக்கிறது என்ற எண்ணம் இரண்டு மாதமாவது இருந்தது. பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் அது. தலைமயிர் வெட்டும் இடத்தில் அது. பெற்றோல் ஷெட்டில் இரவு வேலைக்குப் போனால் அங்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் அதுவே. கனடாக்காரர் பிரையன் அடம்ஸ், ரொபின் ஹூட் படத்துக்காகப் பாடியது. விற்பனைப் பட்டியலில் தொடர்ந்து 16 கிழமை முதலாம் இடம். ஐப்பசி முடிகிற தறுவாயில்தான் யூ2 குழுவின் 'த ஃப்ளை' வந்து அதை இறக்கியது. அதற்குள் எனக்கு ஆங்கிலம் கொஞ்சம் பிடிபட்டிருந்தது, குளிரும் தொடங்கியிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காதுக்கு அது ஒரு அதிசயம். 1990 நடுப்பகுதியோடு அங்கே மின்சாரம் போய்விட்டது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். சுற்றுகிறவர் களைத்தால் அறிவிப்பாளரின் குரலும் களைத்துப்போகும். பிபிசி தமிழோசை முடிகிறவரை முறைவைத்துச் சுற்றுவோம். பாட்டுக்கென்று சுற்ற ஒருவருக்கும் கை வராது. இங்கேயோ சுவரில் செருகினால் போதும், நாள் முழுக்கப் பாட்டு. அதுவும் ஒரே பாட்டு!

"இந்தச் சனத்துக்கு வேற பாட்டே கிடைக்கேல்லையோ?" என்று அண்ணாவிடம் கேட்டேன். அவர் 1984இல் வந்தவர். லண்டனைக் கரைத்துக் குடித்த தோரணை. "பொறு, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் காட்டுறன்" என்றார்.

ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. நாலு பேர், இரண்டு கட்டில். ஞாயிறு பின்னேரம் அண்ணா தன் ரூ-இன்-வன்னை ஜன்னல் விளிம்பில் தூக்கி வைப்பார். அந்த இடத்தில்தான் ரேடியோ 1 இரையாமல் எடுக்கும். டாப் 40 தொடங்கிவிட்டால் அறையில் ஒருவரும் கதைக்கக் கூடாது. அடுப்பில் இறைச்சிக் கறி அடிப்பிடித்தாலும் சைகைதான். நாற்பதாம் இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக மேலே வரும். அறிவிப்பாளர் மார்க் குட்டியர் சொல்லச் சொல்ல, அண்ணா ஒரு பழைய கொப்பியில் எழுதிக்கொண்டே போவார். பிடித்த பாட்டு வரப்போகிறது என்று தெரிந்தால் 'பிளே'யையும் 'ரெக்கோட்'டையும் சேர்த்து அமத்தி, 'போஸ்' பொத்தானில் விரலை வைத்துக் காத்திருப்பார். அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். அறிவிப்பாளர் பாட்டின் முதல் வரிக்கு மேலேயும் கதைத்துத் தொலைப்பார். அதுவும் சேர்ந்துதான் பதிவாகும். எங்களிடம் இருந்த எந்தப் பாட்டுக்கும் ஒழுங்கான தலையோ வாலோ கிடையாது. ஏழு மணிக்குச் சற்று முன்னே முதலாம் இடம். அது யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்த அந்தப் 16 கிழமையும்கூட, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம்.

இந்தப் படியேறும் வித்தை எனக்குப் புதிதல்ல. ஊரில் அப்பாவுக்குப் புதன் இரவு 'பினாக்கா கீத்மாலா' கேட்டாக வேண்டும். ஹிந்தியில் ஒரு சொல் தெரியாது அவருக்கு. அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்திருந்த காலத்தில், அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிந்த நாடா கொழும்புக்கு வந்து, இலங்கை வானொலி வழியாக இந்தியா முழுக்கப் போனது. 1952இல் தொடங்கியது அது. இங்கிலாந்தின் பட்டியலும் அதே 1952 பிள்ளைதான். நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் பத்திரிகையின் பெர்சி டிக்கின்ஸ் என்பவர் இருபதளவு இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து, எது கூட விற்றது என்று விசாரித்து எழுதியது. நவம்பர் 14 இதழில் வந்த முதல் பட்டியலில் முதலாமவர் அல் மார்ட்டினோ. இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் அடியில் இருந்தது ஒரு மனிதர், ஒரு தொலைபேசி, ஒரு பென்சில்.

1994இல்தான் நான் முதன்முதலாகக் காசு கொடுத்து ஒரு பாட்டு வாங்கினேன். வெட் வெட் வெட் குழுவின் 'லவ் இஸ் ஆல் அரவுண்ட்', கசெற் சிங்கிள். வூல்வர்த்ஸ் கடையில் ஒரு சுவர் முழுக்க ஒன்று முதல் நாற்பது வரை எண் ஒட்டிய தட்டுகள் இருக்கும். பக்கத்திலேயே பிள்ளைகள் இனிப்பை அள்ளி அள்ளிப் பையில் போடுவார்கள். முதலாம் எண் தட்டில் ஒரேயொரு கசெற் மிச்சமிருந்தது. காசாளர் பெண் அதைச் சிவப்பு வெளிச்சத்துக்கு மேலே இழுத்தபோது 'பீப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் பட்டியல் போடுகிறவர்களின் கணினிவரை போகும் என்று அண்ணா சொல்லியிருந்தார். ஒரு நாட்டில் வாக்குரிமை கிடைக்குமுன்னே எனக்குக் கிடைத்த வாக்கு அது. அந்தப் பாட்டு 15 கிழமை நின்றது. பாடியவர்களுக்கே அலுத்துப்போய், தாங்களாகவே விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் காலம் யோக்கியமான காலம் என்று சொல்ல வரவில்லை. எந்தக் கடையின் விற்பனை கணக்கில் சேரும் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, ஆள் அனுப்பித் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வாங்குவித்த கம்பனிகள் இருந்தன. முதற் கிழமை அரை விலைக்குத் தள்ளிவிடுவதும் நடந்தது. தேர்தல் என்றால் கள்ள வாக்கும் இருக்கும்தானே.

பிறகு ஒவ்வொன்றாய்க் கழன்றது. 'டாப் ஒஃப் த பொப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சி 2006 ஆடியில் நின்றது. வூல்வர்த்ஸின் கடைசிக் கதவு 2009 ஜனவரி 6ஆம் திகதி மூடப்பட்டது; 800க்கு மேற்பட்ட கடைகள். 2014 ஆடியில் ஸ்ட்ரீமிங்கையும் பட்டியலில் சேர்த்தார்கள். நூறு தடவை கேட்டால் ஒரு விற்பனை. 2017இல் அது 150 ஆயிற்று. அடுத்த வருடம், சந்தா கட்டிக் கேட்டால் 100, ஓசியில் கேட்டால் 600 என்றார்கள். வெட் வெட் வெட் கசெற்றை நான் 200 தடவையாவது போட்டுத் தேய்த்திருப்பேன். அன்றைக்கு அது ஒன்று. இன்றைய கணக்கில் இரண்டு. பார்க்கப்போனால் இப்போதைய கணக்குத்தான் நியாயம். வாங்கி மூலையில் போட்டவனையும் தேயத் தேயக் கேட்டவனையும் அது ஒன்றாக எண்ணுவதில்லை.

ஆனால் 2016இல் ட்ரேக்கின் 'வன் டான்ஸ்' அதே 15 கிழமை முதலிடத்தில் நின்றது எனக்குத் தெரியாமலே போயிற்று. நான் கடை வைத்திருக்கிறேன்; காலை ஆறு மணி முதல் வானொலி பாடும். பாட்டு காதில் விழுந்தது. அது முதலாம் இடம் என்பது விழவில்லை. கடைக்கு வந்த ஒருவரும் அதைப் பற்றிக் கதைக்கவுமில்லை. மறு வருடம் எட் ஷீரன் ஓர் அல்பம் விட்டு, அதன் 16 பாட்டுகளும் ஒரே கிழமையில் முதல் இருபதுக்குள் நுழைந்தன. அவரவர் காதுக் கருவிக்குள் அல்பத்தை ஓடவிட்டதற்கு அது. பட்டியல்காரர்கள் பயந்துபோய், ஒருவருக்கு மூன்று பாட்டுக்கு மேல் இல்லை என்று சட்டம் போட்டார்கள். பல கிழமை நின்று இறங்கத் தொடங்கிய பழைய பாட்டைக் கேட்டால் பாதிக் கணக்குத்தான் என்று இன்னொரு சட்டம்.

அந்தப் பாதிக் கணக்கு என் வீட்டுக்கும் வந்தது. 2022 கோடையில் மகள் காதிலிருந்து ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "அப்பா, இதைக் கேளுங்கோ, புதுப் பாட்டு." கேட் புஷ்ஷின் 'ரன்னிங் அப் தட் ஹில்'. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்ததாம். 1985இல் மூன்றாம் இடத்தோடு நின்ற பாட்டு. இம்முறை அந்தச் சட்டத்தை அதற்கு மட்டும் தளர்த்தி, முழுக் கணக்குப் பார்த்ததில் முதலாம் இடத்துக்கு ஏறிற்று. 37 வருடம். அதற்கு முந்திய சாதனை வாம் குழுவின் 'லாஸ்ட் கிறிஸ்மஸ்'. 1984இல் இரண்டாமிடம், 2021 புத்தாண்டன்று முதலிடம். பாடிய ஜோர்ஜ் மைக்கல் அதைப் பார்க்க இல்லை.

எனக்குப் பாட்டைவிடக் கசெற் ஞாபகம் வந்தது. நான் வந்த புதிதில் அண்ணாவின் சப்பாத்துப் பெட்டிக்குள் கிடந்தது. நீல மையில் '85' என்று எழுதிய டிடிகே. அதில் இந்தப் பாட்டின் முடிவில் ஓர் ஆண் குரல் பாய்ந்து வந்து நேரம் சொல்லும். மகளின் காதுக்கருவியில் பாட்டு முழுதாக ஓடி அமைதியாக முடிந்தபோது, அந்தக் குரல் வரவில்லையே என்று ஒரு கணம் காத்திருந்தேன்.

அன்றிரவே லெஸ்டரில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

"உனக்கென்ன விசரே? நான் எப்பவடா உதெல்லாம் கேட்டனான்?" என்றார். அவர் இப்போது யூடியூப்பில் தேவாரம் மட்டும்தான்.

டாப் 40 இன்னும் இருக்கிறது. புதுப் பாட்டுகள் வெள்ளியில் வெளிவருவதால் 2015 ஆடியில் அதையும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்குகிறது. அது பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கடைக்கு வருகிற நேரம். எனக்கு நிமிர நேரமிருக்காது.