இந்த வருடம் நாலு பேர்

ஜூலையில் கல்லூரிக் கால்பந்து அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். எங்கள் காலனியிலிருந்து நாலு பேர் போகிறார்கள், ஒருவன் கோல்கீப்பர். அறுப்பு முடிந்த வயலில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவர்கள். 90 நிமிடம் ஓட மூச்சு இருக்கிறது, ஷூ இல்லை. பயிற்சி முடிவதற்குள் ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும். நான் படித்தபோது அணியிலிருந்து நின்ற நம் பையன்கள் ஆட்டம் வராமல் நிற்கவில்லை, பஸ்ஸுக்காக நின்றார்கள்.

உத்திரமேரூர் என்றால் குடவோலைப் பெருமை பேசுவார்கள். வாரியத்துக்கு வர அந்த கி.பி. 921 கல்வெட்டு கேட்பது என்ன? வரி கட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு. குடத்தில் ஓலை விழுமுன்பே நம் முன்னோர் வெளியே. இன்றைய கால்வேலி, ஷூவும் பஸ்ஸும்தான்.

இது வெறும் விளையாட்டு இல்லை, தோழர்களே. கல்லூரி அணியிலிருந்துதான் பல்கலைக்கழக அணி; அரசு வேலையின் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டுக்கும் பாதை அங்கிருந்துதான்.

தேர்வு நாளன்று மைதானத்துக்கு வாருங்கள். உடற்கல்வி இயக்குநரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: கல்லூரிச் செலவில் ஷூ உண்டா? கடைசி பஸ்ஸுக்கு முன் பயிற்சி முடியுமா? மிச்சத்தை நம் பையன்கள் ஆடிக் காட்டுவார்கள்.