சுண்ணாம்புக் காளவாசல்

போன மாதம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். திருநெல்வேலிப் பக்கம் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். ரயிலை விட்டு இறங்கியதும் முதல் கேள்வியே, "சுனாபட்டின்னா என்னலே அர்த்தம்?"

எட்டு வருஷமா இங்கே குடியிருக்கேன், ஒரு நாளும் யோசிச்சதில்லை :) டீக்கடைக்காரரிடம் கேட்டுத்தான் சொன்னேன். சுனா என்றால் சுண்ணாம்பு, பட்டி என்றால் சூளை. "அட, நம்மூர் காளவாசல்!" அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை தாராவியில் இருக்கும் அத்தை வீட்டுக்குக் கிளம்பினோம். ஆட்டோக்காரர் சயானில் இறக்கிவிட்டார். அதற்குத் தெற்கே ஆட்டோ போகக் கூடாது. இது இன்றைய போக்குவரத்து விதி. ஆனால் முன்னூற்றைம்பது வருஷத்துக்கு முன்னாலும் ஒரு எல்லை இங்கேதான் இருந்தது. தெற்கே பம்பாய், இங்கிலீஷ்காரர்கள் கையில். வடக்கே சாஷ்டி தீவு, போர்ச்சுக்கீசியர்களிடம். அந்த எல்லையைக் காவல் காக்க, ஜெரால்ட் ஆன்ஜியர் கவர்னராக இருந்த காலத்தில் (1669-1677) கட்டியதுதான் சயான் குன்றின் மேலிருக்கும் கோட்டை.

மூச்சு வாங்க மேலே ஏறினோம். எல்லோரும் ஊரைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கல் இடுக்கில் நகத்தால் லேசாகச் சுரண்டி, "காரைலே. சிமெண்டு கெடையாது" என்றார். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணி விட்டு ஊரில் சுண்ணாம்பு அரைத்த கதை இறங்கும்வரை ஓடியது.

தாராவியில் இன்னொரு கோட்டை உண்டு. மித்தி ஆற்றோரம், காலா கில்லா, அதாவது கறுப்புக் கோட்டை. சுற்றிலும் வீடுகள் நெருக்கி நிற்பதால் தெரிந்தவர் கூட்டிப்போனால்தான் கண்ணில் படும். அத்தை பையன் கூட்டிப்போனான். 1737-ல் மராத்தியர்கள் தானேயைப் பிடித்தார்கள். அடுத்து பம்பாய்தானோ என்ற பயம் இங்கிலீஷ்காரர்களுக்கு. கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் அதே வருஷம் கட்டியதாகச் சுவரில் பதித்த கல் சொல்கிறது. கட்டிய கொத்தனார் பேர் அதில் இல்லை. அப்பா அதைத்தான் முதலில் கேட்டார்.

அத்தை வீட்டில் சாப்பாடு ஆனதும் தகரப்பெட்டி வெளியே வந்தது. தாராவி மறுசீரமைப்புக்காக 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பித்தார்கள் இல்லையா, அதற்கான காகிதங்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு அத்தாட்சி இருந்தால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. அத்தை கல்யாணமாகி இங்கே வந்தது 1974-ல். பழைய ரேஷன் கார்டு, கரண்ட் பில் எல்லாம் 2005 ஜூலை 26 வெள்ளத்தில் போய்விட்டது. கையில் இருப்பதெல்லாம் அதற்குப் பிறகு வாங்கியவை.

"அம்பது வருசமா இங்கதான இருக்கேன், எங்கன்னு போய்ச் சொல்ல?" என்று அத்தை கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

தாராவியில் 1887-ல் ஆரம்பித்த பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, 1913-ல் கட்டிய பிள்ளையார் கோவில் இருக்கிறது. நம்ம ஜனங்கள் தோல் பதனிட இங்கே வந்தது நேற்றைக்கு இல்லை. கோட்டைக்குக் கல்வெட்டு இருக்கு, கோவிலுக்கு வருஷம் இருக்கு. அத்தைக்கு?

அப்பா சட்டென்று எழுந்து, "ஏலே, அந்த பீரோவைக் கொஞ்சம் நகத்து" என்றார். இந்த வீட்டின் பின்சுவரை எழுப்பியது அப்பாதான். தகரத்தைப் பிரித்துச் செங்கல் வைத்தபோது ஊரிலிருந்து வந்து பத்து நாள் தங்கிக் கட்டிக் கொடுத்தாராம். எனக்குத் தெரியாது. பீரோவுக்குப் பின்னால், மூன்று பூச்சு பெயிண்டுக்கு அடியில், ஈரப்பூச்சில் கரண்டி முனையால் கீறிய எண்கள். விரலால் தடவினால்தான் தெரிகிறது. 1986.

"இதெல்லாம் செல்லாது மாமா" என்றான் அத்தை பையன். செல்லாதுதான். இருந்தாலும் செல்போன் வெளிச்சத்தை ஓரமாகப் பிடித்து நாலு படம் எடுத்தேன். பிரிண்ட் போட்டு அத்தையின் ஃபைலில் முதல் தாளாக வைத்திருக்கிறோம்.

அப்பா ஊருக்குப் போய்விட்டார். போன் பண்ணும்போதெல்லாம் முதலில் கேட்பது, "அக்கா வீட்டுக் காயிதம் என்னாச்சு?"

இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.