வெறுமனே ஒரு சுற்று

ஏழையின் மகிழ்ச்சிக்குக் காரணம் கேட்பது நம்மிடையே ஊறிப்போன வழக்கம். வசதியுள்ளவர் மாலையில் காற்று வாங்கப் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. களையெடுத்துவிட்டு வரும் பெண் கண்மாய்க் கரையில் சற்று உட்கார்ந்தால், 'வேலை ஒன்றும் இல்லையா?' என்கிறோம். நம் மறையுரைகளும் உழைப்பைப் புகழ்கின்றன, பொறுமையைப் புகழ்கின்றன. சும்மா மகிழ்வதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

புதுக்கோட்டைச் சீமையில் இவ்வழக்கத்தைச் சிறிது அசைத்துப் பார்த்தது மிதிவண்டி. 1991-ஆம் ஆண்டு இம்மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். பலகையில் தம் பெயரை எழுதிப் பழகிய கைகள் வண்டியின் கைப்பிடியையும் பற்றின. வயல்வேலை செய்வோர், கல்குவாரித் தொழிலாளர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பல்லாயிரம் பெண்கள் கற்றனர். பெண்களுக்கான வண்டிகள் போதாமற்போகவே ஆண்களின் வண்டியிலேயே ஏறினர். நடுவிலுள்ள 'பார்' கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே என்று பிறகு அதையே விரும்பியவர்களும் உண்டு! தெருவில் ஏளனப் பேச்சுக்குக் குறைவில்லை. ஆயினும் 1992 மகளிர் தினத்தன்று 1500-க்கும் மேற்பட்ட பெண்கள், கைப்பிடியில் கொடி பறக்க, மணியொலித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் வந்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுத, வெளியுலகமும் இதனை அறிந்தது.

பயன்கள் பலராலும் பட்டியலிடப்பட்டன. தண்ணீர் கொண்டுவருவது எளிதாயிற்று. விளைபொருளைப் பல ஊர்களுக்கு எடுத்துச் சென்று விற்க முடிந்தது. பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரம் மிஞ்சியது. யாவும் உண்மையே. ஆனால் பட்டியலில் இடம்பெறாத ஒன்றை, வீரமாமுனிவர் பணியாற்றிய பழம்பெரும் பங்காகிய ஆவூரில் நாம் எதிர்பாராமல் கேட்க நேர்ந்தது.

ஆலயத்து நிழலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், அந்நாளில் வண்டி கற்ற கதையைக் கூறிக்கொண்டிருந்தார். சேலைக் கரை சங்கிலியில் சிக்கிக் கிழிந்தது, முட்டி பெயர்ந்தது எல்லாம் சொன்னார். பிறகு, "தண்ணியக் கொண்டாந்து எறக்கி வச்சுட்டு, உப்பு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஒரு சுத்து போவேன் சாமி. கம்மாக்கரை எறக்கத்துல மிதிக்காம விட்டா, மூஞ்சியில காத்து அடிக்கும் பாருங்க..." என்று நிறுத்தினார். வீட்டில் உப்பு நிறையவே இருந்ததாம்.

சிரித்தவர் சட்டென்று முகம் மாறி, "அது பாவமா சாமி?" என்றார்.

விளையாட்டாகக் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளாக மடியில் முடிந்து வைத்திருந்த கேள்வி போலும். உப்புக்காகச் சொன்ன பொய்யைவிட, காரணமின்றி மகிழ்ந்ததே அவரை உறுத்தியிருந்தது. வேலையும் இல்லாமல், யாருக்கும் உதவாமல், தமக்கென்று எடுத்துக்கொண்ட அந்தக் கால்மணி நேரம்!

நமக்கு லூக்கா நற்செய்தி நினைவுக்கு வந்தது. வானதூதர் சென்றபின் அன்னை மரியா எழுந்து மலைநாட்டுக்கு விரைந்தார். கருவுற்றிருந்த எலிசபெத்துக்குப் பணிவிடை செய்யவே என்று நாம் வழக்கமாக விளக்குகிறோம். இருக்கலாம். ஆனால் அவ்வீட்டில் முதலில் நிகழ்ந்ததாக லூக்கா காட்டுவது பணிவிடையை அன்று. ஒரு வாழ்த்து, வயிற்றுக் குழந்தையின் துள்ளல், ஒரு பாடல். அந்த விரைவில் இளம்பெண்ணின் மகிழ்ச்சியும் கலந்திருக்கவில்லை என்று யார் கூற இயலும்?

"பாவமில்லை அம்மா" என்றோம். அவர் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கேட்டதே மறந்ததுபோல வேறு பேச்சுக்குப் போனார்.

இப்போது முழங்கால் இடங்கொடுப்பதில்லையாம். வெளியூர் செல்ல, 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லா நகரப் பேருந்து இருக்கிறது. வீட்டிலுள்ள வண்டியைப் பேத்தி ஓட்டுகிறாள். தெருமுனைக் கடைக்கு அனுப்பினால் அரைமணி கழித்து, வேர்த்துப்போய், தலை கலைந்து வருகிறாள். ஏன் இவ்வளவு நேரம் என்று பாட்டி கேட்பதில்லை.