எரிந்தது சப்வூஃபர்... எரித்தது யார்?

செஞ்சியில் இருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் சிங்கவரம். பல்லவர் காலத்தில் குன்றைக் குடைந்து செய்த ரங்கநாதர் கோயில் இருக்கும் ஊர். அந்த ஊரில் ஒருவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். அமாவாசை என்றால் மேல்மலையனூர், பௌர்ணமி என்றால் திருவண்ணாமலை. இந்த இரண்டு நாள் வாடகையை நம்பித்தான் அவருடைய மாதத் தவணை ஓடுகிறது. வண்டியின் பின்னால் ஒரு மரப்பெட்டியில் பன்னிரண்டு அங்குல சப்வூஃபர் வைத்திருந்தார். இளவட்டங்கள் வேறு வண்டிக்குப் போகாமல் அவரைத் தேடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்!

ஒரு அமாவாசை அன்று அவருக்குக் காய்ச்சல். தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மேல்மலையனூர் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை. பாட்டு மட்டும் மணிக்கணக்கில் ஓடியது. விடிந்து வீட்டுக்கு வந்தபோது சப்வூஃபரில் சத்தம் இல்லை.

"முழுசா வச்சுக் கத்த விட்டியாடா?" என்றார் அண்ணன்.

"நீ வைக்கிற அளவுதாண்ணே வச்சேன்" என்றான் தம்பி.

அவர் நம்பவில்லை. இரண்டு நாள் வீட்டில் இருவருக்கும் பேச்சே இல்லை.

மூன்றாம் நாள் பெட்டியைக் கழற்றாமல் அப்படியே வண்டியோடு செஞ்சிக்குப் போனார். அங்கே பம்புசெட் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவர் ஸ்பீக்கரும் பார்ப்பார். "புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன்யா" என்றார் இவர். "வாங்கலாம் தம்பி. மொதல்ல இது எதனால போச்சுன்னு தெரிய வேணாமா?" என்றார் அவர்.

பெரியவர் செய்த சோதனைகள் எல்லாமே யாரும் செய்யக்கூடியவை.

முதலில் மூக்கு. கோனுக்குப் பக்கத்தில் முகர்ந்து பார்த்தார். எரிந்த மோட்டாரில் வருமே, வார்னிஷ் கருகிய அதே வாடை. அடுத்தது கை. இரண்டு கை விரல்களையும் கோனின் மேல் எதிரெதிராக வைத்து, சாயாமல், மெதுவாக அழுத்தினார். உள்ளே சர சர என்று உரசியது. நல்ல ஸ்பீக்கர் சத்தமில்லாமல் உள்ளே போய் வெளியே வரும். உரசினால், சூட்டில் காயில் வீங்கி காந்தத்தின் இடுக்கில் இடிக்கிறது என்று பொருள்.

மூன்றாவது மல்டிமீட்டர். பெட்டிக்குள் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு ஓம் அளந்தார். 4 ஓம் என்று போட்டிருக்கும் ஸ்பீக்கர், மீட்டரில் 3-லிருந்து 4-க்குள் காட்டும். அதற்கு ரொம்பக் கீழே போனால் காயில் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டன. ஒன்றுமே காட்டாவிட்டால் எங்கோ அறுந்திருக்கிறது. இங்கே ஒன்றுமே காட்டவில்லை.

இந்த இடத்தில் பலர் "காயில் போச்சு" என்று முடித்துவிடுவார்கள். பெரியவர் முடிக்கவில்லை. டெர்மினலில் இருந்து கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் ஆடி ஆடி அறுந்திருந்தாலும் மீட்டர் இப்படித்தான் காட்டும். அது வெறும் சால்டரிங் வேலை! அதனால் அந்த ஒயரைத் தாண்டி, கோனின் மேலேயே முனைகளைத் தொட்டு அளந்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. காயில்தான் எரிந்திருக்கிறது. சந்தேகமே இல்லை.

சரி, எரித்தது யார்? ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்து, பாட்டு போடாமல், அதன் ஸ்பீக்கர் முனைகளில் டிசி வோல்ட் அளந்தார். ஏறக்குறைய பூஜ்யம். அங்கே ஒன்றிரண்டு வோல்ட் நின்றிருந்தால் ஆம்ப்ளிஃபயரே கெட்டுப்போயிருக்கிறது. புது சப்வூஃபரை மாட்டினால் அதையும் எரித்துவிடும்! நல்லவேளை, அது இல்லை.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தார். ஆம்ப்ளிஃபயர் பின் சீட்டுக்கு அடியில், கார்ப்பெட்டுக்குள் இருந்தது. சீட்டைத் தூக்காமல் அதைத் தொட முடியாது. அதில் கெயின் திருகு கடைசி வரை. பாஸ் பூஸ்ட்டும் கடைசி வரை. இரண்டின் மேலும் கலையாத தூசி.

"இதத் திருகினது யாரு தம்பி?"

அவர் பதில் சொல்லவில்லை. வாங்கி மாட்டிய அன்று "இன்னும் கொஞ்சம் அதிரட்டுமே" என்று தானே திருகியது நினைவுக்கு வந்திருக்கும்.

கெயின் என்பது சத்தத்தைக் கூட்டும் திருகு அல்ல. செட்டில் இருந்து வரும் சிக்னலின் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்தும் திருகு. பாஸ் பூஸ்ட்டை 12 டெசிபல் ஏற்றினால் அந்தத் தாழ்ந்த ஒலிக்கு சுமார் 16 மடங்கு வாட் வேண்டும். ஆம்ப்ளிஃபயர் எங்கே போகும்? முடிந்த வரை கொடுத்துவிட்டு, அலையின் தலையை வெட்டிவிடுகிறது. தலை வெட்டுப்பட்டு முழுச் சதுரமான அலை, அதே உயரமுள்ள சீரான அலையைப் போல இரண்டு மடங்கு மின்திறனைக் காயிலில் இறக்கும். ஸ்பீக்கருக்குக் கொடுப்பதில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் ஒலியாகிறது. மீதி எல்லாம் சூடு. ஐந்து நிமிடம் என்றால் தாங்கும். நெரிசலில் நின்ற வண்டியில் மணிக்கணக்கில் என்றால்?

அட்டைப்பெட்டியும் ஒரு காரணம். அதில் பெரிதாக 800 வாட்ஸ் என்று இருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஆர்எம்எஸ் 200. முதலாவது மொத்த லாபம் மாதிரி, இரண்டாவது நிகர லாபம் மாதிரி. குடும்பம் நடத்துவது நிகர லாபத்தை வைத்துத்தானே!

புதுசு வாங்கவில்லை. கோனையும் காயிலையும் மட்டும் மாற்றினார்கள். பிறகு ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு, பாஸ் பூஸ்ட்டைப் பூஜ்யமாக்கி, செட்டின் வால்யூமை முக்கால் அளவில் வைத்து, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயர் முனையில் ஏசி வோல்ட் அளந்தார் பெரியவர். 200-ஐ 4-ஆல் பெருக்கினால் 800. அதன் வர்க்கமூலம் சுமார் 28. மீட்டர் 28 வோல்ட் காட்டியதும் கெயினை நிறுத்தினார். திருகு பாதி தூரம்கூட வரவில்லை.

"சத்தம் கம்மியா இருக்குமேய்யா?"

"காதுக்கு ரெண்டு மடங்கு கேக்கணும்னா பத்து மடங்கு வாட்ஸ் வேணும் தம்பி. நீ ஏத்தினதுல பாதி சத்தமாப் போகல, சூடாத்தான் போச்சு."

அன்று மாலை வீட்டில் அண்ணன் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. நம் ஊர் அண்ணன்கள் கேட்கவும் மாட்டார்கள். சாவியைத் தம்பியிடம் நீட்டி, "பௌர்ணமிக்கு நீயே போய்ட்டு வாடா" என்றார். தம்பி வாங்கிக்கொண்டான்.

ஒரு பொருள் கெட்டால் கடைசியாகத் தொட்டவர் மேல் பழி போடுவது நமக்குச் சுலபம். கெடுத்த திருகு பல நேரம் சீட்டுக்கு அடியில், நம் கைரேகையோடு கிடக்கும். புதுசு வாங்கும் முன்னும், யாரையாவது திட்டும் முன்னும், ஒருமுறை சீட்டைத் தூக்கிப் பாருங்கள்!