வாயில்லாத கிராபிக்ஸ் கார்டு

எனக்கும் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து பார்ப்பதற்கும் ஏழாம் பொருத்தம். படிப்பது பி.காம். டேலி தெரியும், எக்செல் தெரியும், அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் 2024 மே விடுமுறையில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்த கதை இது. முழுக்க முழுக்க சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம்.

வீட்டில் இருப்பது, அப்பா ஆபீஸில் கழித்துக்கட்டியபோது வாங்கி வந்த நான்காம் தலைமுறை ஐ5. அதில் கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஜிடிஎக்ஸ் 1060 கார்டுக்கு ஏழாயிரம் சொன்னார்கள். என் கையில் இருந்ததோ பிளஸ் டூ பையன்களுக்கு அக்கவுண்டன்சி டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு. கூடப் படிக்கும் நண்பன்தான் ஆரம்பித்து வைத்தான். "மச்சி, அதே கார்டு மைனிங்குக்குன்னு தனியா வந்திருக்குடா. ரெண்டு எடுத்தா 5,600க்குத் தர்றாங்க. ஒண்ணு உனக்கு, ஒண்ண வித்துடலாம்." பாதிப் பாதி போட்டு வாங்கிவிட்டோம்.

வீட்டில் வந்து பிரித்தால் பின்பக்கம் மொட்டை! மானிட்டர் வயரைச் சொருக ஒரு ஓட்டை கூட இல்லை.

கார்டின் பெயர் பி106-100. 2017ல் கிரிப்டோ காசு தோண்டுகிற கூட்டம் கேம் கார்டுகளை எல்லாம் கடையிலிருந்து அள்ளிக்கொண்டு போனபோது, அவர்களுக்கென்றே என்விடியா இறக்கியது. 6 ஜிபி 1060ல் இருக்கும் அதே சிப், அதே 1,280 கோர், அதே அளவு மெமரி. மைனிங்குக்குப் படம் தெரிய வேண்டியதில்லை, கணக்குப் போட்டால் போதும். அதனால் வாயை மட்டும் அடைத்துவிட்டார்கள். மைனிங் படுத்துவிட்டால் இவை பழைய மார்க்கெட்டுக்கு வந்து புதுக் கார்டு வியாபாரத்தைக் கெடுக்காது என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும் என்பது என் சந்தேகம். படுக்கவும் செய்தது. 2018ல் விலை சரிந்தது, பிறகு எழுந்தது, 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் மைனிங்கையே கைகழுவியது. கார்டுகள் மூட்டை மூட்டையாக வெளியே வந்தன.

அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு இப்ப புக் வேல்யூ என்னடா?" என்றார். வருமான வரிச் சட்டப்படி கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் 40 சதவீதம். 100 ரூபாய்க்கு வாங்கியது ஐந்து வருடத்தில் 7 ரூபாய் 78 பைசா. சொன்னேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சரி, வாயில்லாததை எப்படிப் பேச வைப்பது? லேப்டாப்புகளில் இந்த வித்தை ஏற்கெனவே இருக்கிறது. பெரிய சிப் படத்தை வரையும், பிராசஸரோடு வரும் சின்னச் சிப் அதை வாங்கித் திரைக்கு அனுப்பும். எந்த கேமை எந்தச் சிப்பில் ஓட்டுவது என்று நாமே சொல்கிற வசதி 2018ல் விண்டோஸ் 10க்கு வந்தது. ஆக, மானிட்டரை மதர்போர்டில் சொருகிவிட்டு, வேலையைக் கார்டுக்குக் கொடுக்க வேண்டும். டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் ஃபைலைத் திறந்து 1060க்கான 1சி03 என்ற எண் இருக்கும் இடத்தில் இந்தக் கார்டின் 1சி07 என்ற எண்ணைப் போட வேண்டும். கை வைத்த ஃபைல் என்பதால் விண்டோஸ் ஏற்காது. கையெழுத்துச் சோதனையை நிறுத்தி ரீஸ்டார்ட் செய்தால்தான் ஏற்கும். ரெஜிஸ்ட்ரியில் எனேபிள் எம்எஸ் ஹைப்ரிட் என்று ஒன்றைச் சேர்த்து 1 கொடுக்க வேண்டும். எழுத நாலு வரி, எனக்கு ஆனது மூன்று ராத்திரி. நடுவில் இரண்டு முறை விண்டோஸையே மறுபடி போட்டேன். 6 பின் பவர் வயர் இல்லாததால் புது எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தண்டம் அழுதது தனி. காய்ந்து பொருக்காகியிருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டியதில் அம்மாவின் பழைய புடவை ஒன்று காலி.

கார்டு வரைந்த ஒவ்வொரு படமும் மதர்போர்டு வழியாகத்தான் போகவேண்டும். முழு எச்டி படம் ஒன்று 8 எம்பி சொச்சம், நொடிக்கு 60 படம் என்றால் 500 எம்பி. இந்தக் கார்டுக்கு முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் வேகம்தான், ஒரு தடத்துக்கு 250 எம்பி. கொஞ்சம் இழுக்கும். ஆனால் ஜிடிஏ 5 ஓடியது! ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தி, அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வம்பு அடுத்த நாள் வந்தது. நாங்கள் எண்ணை மாற்றியதால் டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயர் ஜிடிஎக்ஸ் 1060 என்றே காட்டியது. நண்பன் கண்ணில் பட்டுவிட்டது. "பார்த்தியா, விண்டோஸே சொல்லுது. 1060ன்னு சொல்லி 6,000க்குத் தள்ளிடலாம். வயரை மதர்போர்டுல சொருகச் சொல்லு, அவனுக்கு என்ன தெரியப் போகுது?"

அந்த 'அவன்' என் டியூஷன் பையன்.

பொய் சொல்வானேன், எனக்கும் ஆசைதான். எஸ்எம்பிஎஸ் காசு வந்துவிடுமே. ஆனால் அந்த செமஸ்டரில்தான் டிஸ்க்ளோஷர் பற்றிய அசைன்மென்டுக்கு இதே கம்பெனியை எழுதியிருந்தேன். 2018 நிதியாண்டில் கேம் பிரிவின் வருமானம் ஏறியதில் மைனிங்குக்குப் பெரிய பங்கு உண்டு என்பதைச் சரியாக வெளியிடவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் சொல்ல, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 2022 மே மாதம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்டினார்கள். பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கிய கட்டுரை. அதை எழுதிய கையால் இதைச் செய்ய வரவில்லை.

ஒரு வெள்ளைத் தாளில் எல்லாவற்றையும் எழிதிக் கொடுத்தேன். மைனிங்கில் ஓடிய கார்டு, மானிட்டர் ஓட்டை கிடையாது, டிரைவர் மாற்றும்போதெல்லாம் இந்தக் கூத்து உண்டு, கேரண்டி என்று ஒன்று இல்லவே இல்லை. படித்துவிட்டு, "அப்போ 3,500க்குக் குடுங்கண்ணா" என்றான். கொடுத்தேன். நண்பன் இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

2025 அக்டோபரோடு 1060 வகைக் கார்டுகளுக்குப் புது கேம் டிரைவர் விடுவதை நிறுத்திவிட்டார்கள். இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். பையன் பதறிப்போய் மெசேஜ் போட்டான். ஓடுகிற வரை எதையும் தொடாதே என்றேன். இன்னும் ஓடுகிறது. என்னுடையதும்.

நண்பன் மட்டும் தன் பங்கில் 1,250 நஷ்டம் என்று எழுதி வைத்திருக்கிறான். கேன்டீனில் பில் வந்தால் என் பக்கம் தள்ளிவிட்டு, "அதுல கழிச்சுக்கோ" என்பான். டீ 12 ரூபாய். இதுவரை 31 டீ ஆகியிருக்கிறது. இன்னும் 878 ரூபாய் பாக்கி.